ஒன்பதாவது பந்து

என் தங்கை என்னோடு இருப்பதற்கு நான் முதலில் சொன்ன விலை, பாதிக் கடை. முதல் விலைதான், ஏற்றிக் கேட்பார்கள் என்று தெரிந்தே சொன்னேன். அவள் புருஷன் பேரமே பேசவில்லை. அங்கேதான் ஐயா, எனக்குத் தொழில் மறந்துபோனது.

கடை என்பது விளையாட்டுக் கூடம். பந்து உருட்டும் தடங்கள் ஆறு. காசு போட்டால் உள்ளே சின்னக் கதவு திறந்து ஒன்பது மரப்பந்துகள் இறங்கி வரும். எல்லாம் கிழட்டு இயந்திரங்கள். ஓட வைத்தது மாப்பிள்ளையின் கை. அந்தக் கை வேறு கடைக்குப் போய்விடக் கூடாதென்றுதான் தங்கையை அவருக்குக் கட்டி வைத்தேன். தாயில்லாமல் நான் தூக்கி வளர்த்தவள். கல்லாவில் உட்காருவதும் அவள், எனக்குச் சோறு போடுவதும் அவள்.

மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. இருவரும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

"முக்கால் தர்றேன் மாப்பிள்ளை."

"கடை உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான். எனக்கு உங்க தங்கச்சி போதும்."

"முழுசா எழுதித் தர்றேன். நான் உங்ககிட்ட சம்பளத்துக்கு நிக்கிறேன்."

"உங்களுக்குச் சம்பளமா? நீங்க குடிக்கிற டீக்கே கடை காணாது" என்று சிரித்தார்.

கெட்ட மனிதர் இல்லை. கிளம்ப வேண்டிய அன்று காலையில்கூட, "மூணாம் நம்பர்ல ஒன்பதாவது பந்து சிக்குது, சரி பண்ணிட்டே போறேன்" என்று வந்தார். சும்மா போயிருக்கலாம்.

காசு விழுந்ததும் கதவை இழுக்கும் கம்பிச் சுருளுக்குக் கரண்ட் போகும். ஒன்பதாவது பந்து கடந்த பிறகுதான் நிற்கும். மற்ற நேரத்தில் அந்தக் கம்பிகளில் உயிர் இருக்காது. அதனால் அவர் மெயினை அணைப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு வழக்கம்: நசுங்கிய பழைய காசு ஒன்றை, காசு போடும் துளையில் செருகிவிட்டுத்தான் உள்ளே கை விடுவார். அது இருக்கும்வரை வேறு காசு போகாது.

முழங்கை வரை உள்ளே போயிருந்தார். "மச்சான், டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க" என்றார். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்தேன். இன்னொரு கையால் நசுங்கிய காசை உருவினேன். நல்ல காசு ஒன்றைப் போட்டேன்.

பந்துகள் இறங்கின. எண்ணினேன். எட்டு வந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அவர் கை இருந்தது. மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில்தான். நான் பந்துக்காகக் காத்திருந்தேன். பொறுமை எனக்குப் பிறவிக் குணம்.

கரண்ட் அடித்துச் செத்தார், விபத்து என்று நீங்களே எழுதிக்கொண்டு போனீர்கள். ஐந்து நாள் தங்கை என் வீட்டில் இருந்தாள். அழுதாள், ஆனால் இருந்தாள்.

ஆறாம் நாள் தானாகவே போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பெட்டியைத் திறந்தவள் நசுங்கிய காசை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். காசைத் தூக்கி எறிய என் கைக்குத் தெரியாது ஐயா. செல்லாக் காசானாலும் கல்லாவில்தான் போடும். வியாபாரி வீட்டில் வளர்ந்த கை.

"அண்ணே, இது மூணாம் நம்பர்ல இருந்திருக்கணுமே?"

"எடுத்து வெச்சேம்மா."

"எப்ப எடுத்தே?"

கல்லைக்கூட விற்றுவிடும் வாய் என்று என்னைச் சொல்வார்கள். அன்று மேசையில் கிடந்த சில்லறையை எண்ண ஆரம்பித்தேன். அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

முழுக் கடையையும் அவள் பெயருக்கு எழுதிவிட்டேன். சொன்ன விலையிலிருந்து இறங்கவில்லை. வாரம் ஒரு முறை ஜெயிலுக்கு வந்து எதிரே உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை என்றாலும் சரி. தூரத்தில் நின்றாலும் சரி.

மற்றதை எழுதிக்கொள்ளுங்கள். நான் போட்டது ஒரு காசு. வந்தது எட்டுப் பந்து. ஒன்றைப் பாக்கி வைத்தது இயந்திரம், நான் இல்லை.