ஈரம் பட்டும் கலையாத எழுத்து

வீட்டுக்குப் பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் லேசர்தான் வாங்க வேண்டும், டாக்டரம்மா. மை ஊற்றுகிற வகை விலை குறைவுதான். ஆனால் பத்து நாள் சும்மா கிடந்தால் அடைத்துக்கொள்ளும். எழுத்தும் ஈரம் தாங்காது. நான் கல் அறுக்கும் பட்டறையில் இருக்கிறேன். கல் சூடேறாமலிருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுப்போம். இருபத்திரண்டு வருடமாக என் விரல்கள் முழுசாகக் காய்ந்ததில்லை.

என் மனைவியின் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, பிறகு ஏன் ஆறு வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டீர்கள். அதைப் பிரிண்டரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கும் வேலையில் இருந்தாள். மகன் படித்து முடித்து வேலைக்கென்று வெளியூர் போனதும் மறுபடி அந்த வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் அடிக்க ஒவ்வொரு முறையும் வெயிலில் கடைக்கு நடக்கிறாளே என்று பிரிண்டர் பேச்சை எடுத்ததே நான்தான்.

கடைக்காரர் ஒரு தாளை அடித்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் எழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்துக் காட்டினார்.

"பாருங்க சார், அசையுதா? குழாயடியில காட்டினாலும் நிக்கும். கறுப்பு வெள்ளை மட்டும்தான், பரவாயில்லையா?"

"ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்குமா?"

"ஆபீஸ்ல இருக்கிறதே இதுதான் சார்."

வயர்லெஸ் வேண்டும் என்றது அவள். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒயர் ஓடினால் பெருக்கமுடியாதாம்.

அதைப் பொருத்திய ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. ஆரஞ்சு நிற டேப்புகளை நான் உரித்தேன். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையேட்டை வாய்விட்டுப் படித்தாள். பாஸ்வேர்டை அம்புக்குறி பட்டனால் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். மூன்று தடவை போட்டும் சேரவில்லை.

"தள்ளுங்க, நீங்க அமுக்குற அமுக்குல அது செத்துரும். நம்ம ரவுட்டர் ரெண்டு பேர் காட்டுது பாருங்க. இந்த மெஷின் அந்த '5ஜி'ன்னு போட்டதைப் பிடிக்காது. இன்னொண்ணுல போடணும்."

போட்டாள். சிமிட்டிக்கொண்டிருந்த நீல விளக்கு நின்று எரிந்தது. என் போனிலிருந்தும் அடிக்கக் கற்றுக்கொடுத்தாள். "நம்ம வீட்டு வைஃபைக்குள்ள இருக்கிற போன் சொன்னாத்தான் இது கேக்கும், வெளியாள் சொன்னாக் கேக்காது" என்று, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னாள். அன்றைக்கு என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

மறுநாள் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அண்ணே, உங்க வீட்டுக்குப் போன் போட்டா ஏதோ ஏர்லைன்ஸ் ஆபீஸுக்குப் போட்ட மாதிரி இருக்கு. அண்ணி எடுத்தா வைக்கவே மனசு வர்றதில்ல. நீங்க எடுத்தாத்தான் நம்பர் மாறிப்போச்சோன்னு தோணுது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் அவள் அந்த மெஷினில் அடித்த முதல் விண்ணப்பத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தபாலில் மட்டும் அனுப்பவும், சுயவிலாசமிட்ட உறை ஒன்றைத் தபால்தலை ஒட்டி உள்ளே வைக்கவும் என்று விளம்பரத்தில் இருந்தது. தபால்பெட்டி நான் போகிற வழியில். மூன்று நாள் அது என் சாப்பாட்டுப் பையிலேயே கிடந்தது. மறந்துதான் போனேன். நான்காம் நாள் மறக்கவில்லை. பிரித்தேன்.

விண்ணப்பத்தைக் கல் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். சேற்றோடு கரைந்துவிட்டது. அவள் கையாலேயே அவள் விலாசம் எழுதிய உறை மிச்சம் இருந்தது. விளம்பரத்திலிருந்து ஆஸ்பத்திரியின் தலைப்பை எடுத்து வைத்து, 'வாய்ப்பளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று போனில் ஒரு கடிதம் அடித்து, அவள் குளிக்கப் போனபோது பிரிண்ட் எடுத்தேன். அவள் உறைக்குள் வைத்துத் தபாலில் போட்டேன். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். முத்திரை அசல் முத்திரை. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

ஒன்றோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். அடுத்ததும் அப்படியே வந்தபோது அவளே கேட்டாள்: "ஏங்க, காரணம் சொன்னாத் திருத்திக்கலாம். சும்மா வருந்துறோம் வருந்துறோம்னா நான் என்னத்தைப் பண்ண?"

நியாயமான கேள்வி. அதனால் காரணம் கொடுத்தேன்.

தங்கள் இல்லத்துக்கு ராங் நம்பர் போல அழைத்துத் தங்கள் குரலைப் பரிசோதித்தோம் என்று எழுதினேன். சொற்களுக்கு நடுவே மூச்சு வாங்குகிறது என்று எழுதினேன். ராங் நம்பர் எல்லார் வீட்டுக்கும் வரும். அதன்பிறகு போன் மணி அடித்தால் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தடவை செருமிவிட்டு எடுப்பாள். அடுத்த கடிதத்தில் செருமல் காதுக்கு இதமாக இல்லை என்று எழுதினேன். அதற்கடுத்ததில் சிரிப்பு. சிரிக்கும்போது கீச்சென்று இருக்கிறதாம். பட்டறைச் சத்தத்தில் என் காது பாதி போய்விட்டது. கீச்சா இல்லையா என்று எனக்கு உண்மையில் தெரியாது. ஆனால் அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு கடிதத்தைத் தலையணைக்கு அடியில் பார்த்தேன். காகிதம் நனைந்து, காய்ந்து, சுருங்கியிருந்தது. எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

என் அப்பா அம்மாவைச் சம்மட்டிக் காம்பால் அடிப்பார். நான் என் மனைவி மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

பிறகு அவள் போனை எடுப்பதே இல்லை. நான்தான் எடுப்பேன். பாலிஷ்காரன் கேட்டான்: "என்னண்ணே, ஏர்லைன்ஸை மூடியாச்சா?" மூடியாச்சு என்றேன்.

கடைசிக் கடிதத்தில்தான் ஒரு சின்னப் பிசகு. அன்றைக்கு ஞாயிறு, அவள் குளிக்கப் போயிருந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து போனிலிருந்து அனுப்பினேன், உள்ளே சத்தமே வரவில்லை. தட்டில் காகிதம் தீர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. சிக்னல் இல்லை போல என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வேறொரு விண்ணப்பம் அடிக்கக் காகிதம் வைத்திருக்கிறாள். மெஷின் முதலில் என் கடிதத்தைத் தள்ளியிருக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தாள் இன்னும் சூடாக இருந்தது.

"ஏங்க, இது நம்ம மெஷின்லேருந்து வருது."

"எது?"

"அந்த ஆஸ்பத்திரி லெட்டர். நேத்துதானே எழுதினேன். கவர் இன்னும் உங்க பையிலதான் இருக்கு. அதுக்குள்ள எப்படிப் பதில் வரும்?"

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் வாய் நிதானமாகச் சொன்னது: "வயர்லெஸ்தானே. அவங்க அங்கேருந்தே நேரா அனுப்பியிருப்பாங்க."

அந்த மெஷினை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். வெளியாள் சொன்னால் கேட்காது என்று இரண்டு தடவை சொன்னவள். என் முகத்தைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.

"அப்படியும் உண்டா?"

"உண்டு."

"எனக்குத்தான் ஒண்ணும் புரியறதில்ல. சரிங்க."

அவள் பேசியதில் அதுதான் கடைசி. 'தாங்கள் பேசுவது கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, இனித் தவிர்க்கவும்' என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அவள் உள்ளே போய், தான் அடிக்க வந்த விண்ணப்பத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மகன் போன் செய்தால் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்கிறாள், தலையாட்டுகிறாள். அந்தப் பக்கம் அவன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஒன்பது விண்ணப்பம். ஒன்றுகூடத் தபால்பெட்டியைப் பார்க்கவில்லை. ஒன்பது பதிலும் என்னுடையது. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் இப்போது வீடு நன்றாக இல்லை, டாக்டரம்மா. நான் வந்தால் வந்தீங்களா என்று கேட்க ஆளில்லை. எனக்கு அவள் குரல் வேண்டும். மாத்திரையெல்லாம் வேண்டாம். உங்கள் ஆஸ்பத்திரித் தலைப்புப் போட்ட தாளில், தாங்கள் இனிப் பேசலாம் என்று ஒரு வரி அடித்துக் கொடுங்கள். அச்சில் வந்தால் அவள் நம்புவாள். அதற்குக் கீழே இன்னொரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: வீட்டுக்குள், கணவரிடம் மட்டும்.