லிஃப்ட் இல்லாத அஞ்சாவது மாடி

…படியே ஏறக் கூடாதாம் தம்பி. டாக்டர் சொல்றார். ஏறாம வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டேன், அதுக்கு அவர்கிட்ட மாத்திர இல்ல. முட்டி ரெண்டும் தேஞ்சுபோச்சு. அதான் மூணாவது மாடியில கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன். நீங்களும் உக்காருங்க.

நாலாவது மாடிக்குப் புதுசா வந்தது நீங்கதானே? உங்க பீரோவ தூக்கிட்டு வந்தவனுங்களப் பாத்தேன். முதுக வளைக்கிறானுங்க. முட்டியதான் மடக்கணும். நானும் முப்பத்தஞ்சு வருஷம் இந்த வேலதான் பாத்தேன். ஃபிரிட்ஜ ஒத்த ஆளா முதுகுல கட்டி ஏத்துவேன். முதுகு இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்கு. முட்டிதான்… சரி, விடுங்க.

எங்க தொழில்ல பென்ஷனா வரும்? வயசான காலத்துல சொந்தமா ஒரு வீடு, அதான் நான் போட்ட திட்டம். கீழ் வீடும் அப்ப காலியாதான் இருந்துச்சு. அதையே வாங்கலாம்னு வீட்டுக்காரி தலபாடா அடிச்சுக்கிட்டா. அஞ்சாவது மாடின்னா வெல கம்மி, காத்து வரும், ஃபிரிட்ஜோட ஏறினவனுக்கு வெறுங்கையோட ஏற என்னடின்னேன். இப்ப அவ மக வீட்டுக்குப் போயிட்டா. அங்க படியே கெடயாது. என்னையும் கூப்பிடறா. மருமகன் வீட்டுல போயி கால நீட்டி உக்காரச் சொல்றியான்னு கத்திட்டேன். ரெண்டு மாசமாச்சு. வீடு வெறிச்சுன்னு கெடக்கு, தம்பி. படியிலன்னா யாராவது வருவாங்க, பேசலாம்.

லிஃப்ட் இல்லாம எவன் கட்டினான்னுதானே கேக்கறீங்க? கட்டினவன் எடம் விட்டுத்தான் கட்டினான். அதோ, அந்தச் செவுத்துக்குப் பின்னாடி. இருபது வருஷம் முன்ன லிஃப்ட் போட ஆளுங்க வந்து அளந்துட்டும் போனாங்க. அதுக்குள்ள ஒருத்தன் வீடு வீடாப் போயி, கம்பி அறுந்துரும், கொழந்தைங்க வெரல் மாட்டிக்கும், கரண்டு போனா உள்ளயே கெடக்கணும்னு பயங்காட்டி, வேணாம்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டான். அந்த எடத்த ஆளுக்கொரு ஸ்டோர் ரூமா பிரிச்சுக்கிட்டாங்க. இனி எவன் விட்டுக் குடுப்பான்?

யாரா?

மாடிக்கு இவ்வளவுன்னுதான் தம்பி எங்களுக்குக் கூலி. லிஃப்ட் வந்தா பொழப்புல மண்ணு. இதே வீட்ட வாங்குவேன்னு அப்ப கனவா கண்டேன்? கையெழுத்து விட்டுப்போன வீட்டுக்கு மறுபடி, மறுபடின்னு, ஒரே காலையில அஞ்சு மாடியும் நாலு தடவ ஏறி எறங்கினேன். மூச்சுகூட எறைக்கல.

கொஞ்சம் கை குடுங்க. எந்திரிக்கணும்.