சந்தனப் பொட்டு வைத்த லைற்றுகள்

இரவு எட்டரை மணி. வல்லை வெளி.

பகலிலையே அந்த வெளியைத் தனியத் தாண்டுறவை கொஞ்சம் வேகமாத்தான் மிதிப்பினம். ரெண்டு பக்கமும் உப்புத் தரவை... ஒரு வீடில்லை, ஒரு வேலியில்லை. காத்து மட்டும். அந்தப் பெரிய றோட்டிலையிருந்து நீரேரிப் பக்கமா ஒரு சின்ன றோட்டுப் பிரியுது. நான் சொல்லப் போறது அந்தச் சின்ன றோட்டைப் பற்றி. டேய் சயந்தன், போன் வெளிச்சத்தை நூத்துவிடு. கறண்ட் போனது நல்லதுக்குத்தான். கிட்ட வந்து இருங்கோ.

இது என்ரை சிநேகிதி ரஞ்சினியின்ரை மச்சாளுக்கு நடந்தது. ஐரிஸ் எண்டு பேர். மெதடிஸ்த சபை ஆக்கள். பல்கலைக்கழகத்திலை வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறவ. சிரிக்காதேங்கோ... வெளிச்சத்துக்கும் படிப்பிருக்கு.

அண்டைக்கு ஐரிஸ் அந்தச் சின்ன றோட்டு முகப்பிலை ஸ்கூட்டியை நிப்பாட்டிப் போட்டுத் தனிய நிண்டா. விடிஞ்சால் அவ போட்ட லைற்றெல்லாத்தையும் கழட்டப் போகினம். என்ன பழுதெண்டு கண்டுபிடிக்க அந்த ஒரு இரவுதான் மிச்சம்.

சும்மா லைற் இல்லை அது. ஆக்களில்லாத நேரம், அரிக்கன் லாம்பைக் குறைச்சு விட்ட மாதிரி மங்கலா நிக்கும். ஒவ்வொரு தூணிலையும் நெஞ்சளவு உயரத்திலை பளபளவெண்டு ஒரு சின்னக் கண். உயிருள்ள உடம்பின்ரை சூட்டை அந்தக் கண் பிடிக்கும். பிடிச்ச உடனை மேலை லைற் பிரகாசமா எரியும். அடுத்த லைற்றுக்கும் சொல்லிவிடும். நீங்கள் நடக்க நடக்க உங்களுக்கு முன்னாலை ரெண்டு லைற் எரிஞ்சுகொண்டே போகும், பின்னாலை ஒவ்வொண்டா அடங்கும். நிறமும் வெள்ளையில்லை, தேன் நிறம். தரவைக்கு வாற பறவையளைக் குழப்பக் கூடாதாம். கூட வெளிச்சம் போட்டால் கண் கூசி, அங்காலை உள்ள இருட்டு இன்னும் கறுப்பாத் தெரியுமாம். எங்கடை ஊரிலை உதையெல்லாம் யோசிச்சு ஆர் லைற் போடுகினம்? ஐரிஸ் யோசிச்சா.

ஏன் அந்த றோட்டு? அதின்ரை முடிவிலை, நீரேரிக் கரையிலை கொஞ்ச வீடுகள். அங்கையிருந்து யோசப்பின் எண்டொரு பெட்டை நெல்லியடியிலை புடவைக்கடை வேலைக்குப் போறவள். கடை பூட்டினாப் பிறகு இருட்டுக்குள்ளை சைக்கிளிலை வரவேணும். வேலையை விடு, வேலையை விடு எண்டு வீட்டிலை ஒரே ஆக்கினை. ஐரிசுக்கு அது பொறுக்கேல்லை. பிள்ளையை வீட்டுக்கை இருத்துறதோ, இருட்டை விரட்டுறதோ எண்டு கந்தோர் கந்தோரா ஏறிச் சண்டை பிடிச்சுத்தான் அந்த லைற்றைக் கொண்டந்தவ.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. சனசமூக நிலையத் தலைவர் தில்லைநாதன் நாடா வெட்டினார். தேங்காய் உடைச்சு, பொங்கல் பொங்கி, சந்தனம் குங்குமம் எல்லாம் அமர்க்களம். ஐரிசும் வாழையிலையிலை பொங்கலை வாங்கிச் சாப்பிட்டு, சந்தோசமா வீட்டை போனா.

முதல் கிழமையே கதை கிளம்பிச்சு.

யோசப்பின் வரேக்கை லைற் எரியேல்லை. மங்கலுக்கை மாடு படுத்துக் கிடந்தது தெரியாமல் போய் விழுந்து, முழங்கால் கிழிஞ்சு போச்சு. அதே இரவு நீரேரியிலை இறால் பிடிச்சுக்கொண்டு நிண்டவை வேறை ஒண்டைக் கண்டவை. றோட்டிலை ஒருத்தருமில்லை... லைற் மட்டும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாப் பத்திக்கொண்டு வருது. ஆரோ ஆறுதலா நடந்து வாற மாதிரி.

ஆக்களுக்கு எரியாத லைற், ஆளில்லாத நேரம் எரியுது. விடுவினமே சனம்?

"பிள்ளை, நீ பேய்க்கெல்லோ லைற் போட்டுக் குடுத்திருக்கிறாய்" எண்டார் தில்லைநாதன்.

"பழுதெண்டால் கண்டுபிடிப்பன் அண்ணை. பேயெண்டால் அதையும் கண்டுபிடிப்பன். லைற்றிலை கை வையாதேங்கோ" எண்டா ஐரிஸ்.

சொன்னாவே தவிர, கண்டுபிடிக்க முடியேல்லை. பகலிலை வந்து வயரைப் பாத்தா, பெட்டியைத் திறந்தா, லப்டொப்பை வயரோடை பூட்டிப் பாத்தா. எல்லாம் சரி. தில்லைநாதன் குடுத்த தவணையும் முடிஞ்சுது.

அதுதான் அண்டைக்கு இரவு தனிய வந்து நிண்டவ.

நடக்கத் தொடங்கினா. செருப்புக்குக் கீழை மணல் நறநறவெண்டுது. முதல் தூணைத் தாண்டினா... லைற் அசையேல்லை. மங்கலாவே நிண்டுது. கையை ஆட்டினா. குதிச்சுப் பாத்தா. படிச்ச பொம்பிளை, இரவிலை தரவைக்கை நிண்டு குதிக்கிறா. சிரிக்கலாம் நீங்கள், அங்கை நிண்டிருந்தால் சிரிச்சிருக்க மாட்டியள்.

ஏனெண்டால் அந்த நேரம்... றோட்டின்ரை மற்ற முடிவிலை, நீரேரிக் கரையிலை, ஒரு லைற் நல்லா எரிஞ்சுது.

பிறகு அடுத்தது.

பிறகு அதுக்கடுத்தது.

வீட்டாக்கள் ஆரும் வருகினமோ எண்டு கண்ணைச் சுருக்கிப் பாத்தா. றோட்டு வெறுமை. நாயில்லை, மாடில்லை. காத்து நிண்டு போச்சு. வல்லை வெளியிலை காத்து நிண்டதை ஆரும் கேள்விப்பட்டிருக்கிறியளோ?

ரோச்சை எடுத்துப் பக்கத்துத் தூணிலை அடிச்சா. அப்பத்தான் கண்டா.

பொட்டு!

திறப்பு விழாவண்டு வைச்ச பொட்டு. சந்தனத்தைக் குழைச்சு, தடிப்பா அப்பி, நடுவிலை குங்குமம் வைச்சு, சரியா அந்தக் கண்ணுக்கு மேலை. ஓடிப் போய் அடுத்த தூணைப் பாத்தா. அதிலையும் அப்பிடித்தான். பொம்பிளையள் நல்ல மனசோடை தூண் தூணா வைச்சிருக்கினம். கண் மாதிரி ஒண்டைக் கண்டால் வேறை எங்கை வைக்கத் தோணும்?

பகலிலை அத்தினை தரம் வந்தும் ஏன் காணேல்லை எண்டு கேப்பியள். பொட்டு இல்லாத மெசின் யாழ்ப்பாணத்திலை எங்கை இருக்கு? அவவின்ரை ஆய்வுகூடத்திலை வெளிச்சம் அளக்கிற மீற்றருக்குப் பெடியள் சரசுவதி பூசையண்டு வைச்ச பொட்டிருக்கு. வேதக்கார வீட்டு ஸ்கூட்டிக்கும் கராச்காரன் வைச்ச பொட்டிருக்கு. பாத்துப் பாத்துக் கண்ணுக்குப் பழகிப் போச்சு. வயருக்குள்ளை பிழை தேடினவவுக்கு முன்னாலை கிடந்தது தெரியேல்லை.

ஐரிஸ் வாய் விட்டுச் சிரிச்சா. கண்ணை மறைச்சால் சூடு எப்பிடித் தெரியும்? அதுதான் யோசப்பினுக்கு எரியேல்லை. அதுதான் தனக்கும் எரியேல்லை. பேயுமில்லை, ஒரு கோதாரியுமில்லை...

சிரிப்பு பாதியிலை நிண்டுது.

அந்தப் பக்கத்துத் தூண்களிலையும் பொட்டிருக்கு. அந்தக் கண்களும் மறைஞ்சுதான் கிடக்கு. அப்ப... அதுகள் ஆரைக் கண்டு எரியுது?

வெளிச்சம் கிட்ட வந்திட்டுது. இப்ப சத்தமும் கேக்குது. சளக்... சளக்... ஈரச் செருப்போடை நடக்கிற சத்தம். பாசி மணம் வந்துது. அதுக்குள்ளை, ஆரோ தலைக்கு நல்லெண்ணெய் வைச்ச மணம்.

ஓடியிருக்கலாம். ஸ்கூட்டி கிட்டத்தான் நிண்டுது. திரும்பியும் பாத்தவவாம், அதை மறைக்கேல்லை. ஆனால் அந்த நேரத்திலை அவவுக்கு யோசப்பினின்ரை கிழிஞ்ச முழங்கால் ஞாபகம் வந்துதாம். இப்ப நான் ஓடினால் விடிய ஏணியோடை வருவினம். அந்தப் பிள்ளை வேலையை விட்டிட்டு வீட்டுக்கை இருக்கும். வந்துதே அவவுக்கு ஒரு கோவம்! பயம் எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. றோட்டுக்கு நடுவிலை போய் நிண்டு, இடுப்பிலை கையை வைச்சா.

"ஆராயிருந்தாலும் கேள்" எண்டா. கத்தித்தான் சொன்னா. "இந்த லைற்றை நான் கழட்ட விடமாட்டன். நீயும் இருட்டிலை நடந்து களைச்சனியெண்டால் நட, நான் மறிக்கேல்லை. றோட்டு எல்லாருக்கும்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்துதோ... பிறகு நான் ஆரெண்டு காட்டுவன்!"

சளக்... சளக்... சளக்.

நிண்டுது.

அவவின்ரை தலைக்கு மேலை இருந்த லைற் பிரகாசமா எரிஞ்சுது. கீழை குனிஞ்சு பாத்தா. காலடியிலை அவவின்ரை நிழல். அதுக்குப் பக்கத்திலை... இல்லை, அதை அவ ரஞ்சினிக்குக்கூடச் சொல்லேல்லை. நானும் இட்டுக்கட்டிச் சொல்லமாட்டன்.

ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு குளிர் பக்கத்தாலை போச்சு. சத்தம் பெரிய றோட்டுப் பக்கமாப் போச்சு. அந்தப் பக்கத்து லைற்றுகள் ஒவ்வொண்டா எரிஞ்சு, ஒவ்வொண்டா அடங்கிச்சு. காத்துத் திரும்பவும் அடிச்சுது.

நானெண்டால் அந்தக் கணமே ஸ்கூட்டியை எடுத்திருப்பன். ஐரிஸ் என்ன செய்தா தெரியுமோ? லேஞ்சியையும் தண்ணிப் போத்திலையும் எடுத்துக்கொண்டு, முதல் தூணிலையிருந்து நீரேரிக் கரை மட்டும் தனிய நடந்து, ஒவ்வொரு கண்ணாத் துடைச்சா. துடைக்கத் துடைக்க லைற் அவவைக் கண்டு எரிஞ்சுது.

விடிய தில்லைநாதன் ஏணியோடையும் ஆக்களோடையும் வந்தார். ஐரிஸ் முதல் தூணிலை முதுகைச் சாத்திக்கொண்டு நிண்டா. நடந்ததெல்லாத்தையும் ஒளிக்காமல் சொன்னா.

"சந்தனத்தைத் துடைச்சனியோ?" எண்டு அவருக்கு முகம் சிவந்துது.

"பொட்டைத் தூணிலை வையுங்கோ அண்ணை, நானே சந்தனம் வாங்கித் தாறன். கண்ணிலை வையாதேங்கோ."

"அது சரி. ஆளில்லாமல் எரிஞ்சுதே, அதுக்கு என்ன சொல்லுறாய்?"

"அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை" எண்டா ஐரிஸ். "எனக்கு மறுமொழி தெரியேல்லை எண்டதுக்காக ஒரு பிள்ளை இருட்டுக்கை வரேலாது. இண்டைக்கு இரவு பாருங்கோ. அவளுக்கு எரியாட்டி நானே ஏணியிலை ஏறிக் கழட்டித் தாறன். அதுவரைக்கும், என்னைத் தாண்டித்தான் ஏணி வைக்கவேணும்."

அண்டைக்கு இரவு கரையிலை ஊரே நிண்டுது. யோசப்பின் பெரிய றோட்டிலையிருந்து சைக்கிளைத் திருப்பினாள்... லைற் எரிஞ்சுது. அவளுக்கு முன்னாலை தேன் நிற வெளிச்சம் ஓட, பின்னாலை அவள் மிதிச்சு வந்தாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா.  தில்லைநாதன் ஏணியைத் தானே தோளிலை தூக்கிக்கொண்டு வீட்டை போனார்.

லைற் இண்டைக்கும் அங்கை இருக்கு. போய்ப் பாருங்கோ. யோசப்பினும் வேலையை விடேல்லை.

ஒரே ஒரு விசயம். ஒராளுக்கு முன்னாலை ரெண்டு லைற் எரியவேணும், அப்பிடித்தானே? யோசப்பின் வரேக்கை மட்டும் மூண்டு எரியுது. ஐரிசுக்குத் தெரியும். லப்டொப்பைப் பூட்டினால் ஏனெண்டு பாக்கலாம். அவ பூட்டேல்லை.

ரஞ்சினி ஒருநாள் யோசப்பினைக் கேட்டவள், "உனக்குப் பயமில்லையோடி?"

"ஏன் பயம்? அவ முன்னாலை போவா, நான் பின்னாலை வருவன்" எண்டாள் யோசப்பின். பிறகு கொஞ்சம் குரலைக் குறைச்சுச் சொன்னாளாம்... "ஒருநாள் மழை வரப் பாத்துதக்கா. முந்திப் போவமெண்டு வேகமா மிதிச்சனான். பக்கத்தாலை போகேக்கை, அவ திரும்பிப் பாத்தவ."

"பாத்து?"

"இப்ப எவ்வளவு மழையெண்டாலும், நான் நனைஞ்சுகொண்டு பின்னாலைதான் வாறனான்."