மான் பிடித்த வாசம்

மோர்னிங்சைட்டில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவர் தடித்த ஜக்கெற் போட்டிருந்தார். மடியில் செம்மஞ்சள் நிற வேட்டைத் தொப்பி.

“மான் எங்கடை கறித்தூளை மணந்திட்டுது, அண்ணை.”

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“காத்து அடிக்கிற பக்கம் பாத்துத்தானே இருந்தனீ?” என்றார் மூத்தவர்.

“ஓம். மான் வாற பக்கமிருந்து என்ரை முகத்துக்குத்தான் அடிச்சது. என்ரை மணம் அதுக்குப் போகாது எண்டு ரெண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தன். மானும் கிட்ட வந்திட்டுது. அந்த நேரம் பாத்துக் காத்துத் திரும்பிச்சுது. மூக்கைத் தூக்கினது, ஒரே ஓட்டம்!”

“உந்த ஜக்கெற்றை வீட்டிலை எங்கை கொழுவி வைச்சனீ?”

“குசினிக் கதவிலை. முதல்நாள்தான் மனிசி மிளகாய், மல்லி எல்லாம் வறுத்துத் தூள் இடிச்சவ.”

மூத்தவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

“வேட்டைக்குப் போற நேரத்திலை அவவுக்கு என்ன அவசரம்?”

“மான் இறைச்சிக்கறிக்குத்தான், அண்ணை.”

வோபர்னில் பஸ் கதவு திறந்தது. காற்று இளையவரின் ஜக்கெற் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது. எனக்குப் பசித்தது.