திருக்கை முள்ளும் தேடுபொறியும்

அன்பு ததும்பும் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மார்ட்டின் ஐயா அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆசையோடு வந்திருக்கும் அன்னையர்களே! இணையத்தில் எழுதப் பழகி இன்று சான்றிதழ் பெறப்போகும் என் கண்மணிகளே! லாஸ்பேட்டையில் உங்களுக்கு வகுப்பெடுத்த தீபலட்சுமியின் வணக்கம்.

கூகுளில் தேடினால் நம் கட்டுரை முதலில் வர வேண்டும். அதற்கு எப்படி எழுதுவது? இதைத்தான் மூன்று மாதம் கற்றுக்கொடுத்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? அதோ, நான்காம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாரே, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் அமிர்தவல்லி அக்கா! மூடாதீர்கள் அக்கா, மாட்டிக்கொண்டீர்கள்!

முதல் நாள் வகுப்பில், "எதைப் பற்றி எழுத ஆசை?" என்று கேட்டேன். சமையல் என்றார் ஒருவர், சுற்றுலா என்றார் இன்னொருவர். அக்கா எழுந்து நின்றார்.

"திருக்க மீனு வால்ல இருக்கற வெஷ முள்ளு குத்துனா என்னா பண்ணணும்னு எழுதணும் டீச்சர். என் தம்பி வடிவேலுக்குக் குத்துன அன்னிக்கு போன்ல தேடுனேன். என்னென்னமோ வந்துது, வேண்டியது வரல. சுண்ணாம்பு வெச்சிக் கட்டிட்டோம். நாலாம் நாளு ஆஸ்பத்திரில வெரல எடுத்துட்டாங்க."



அக்கா எழுதினார். ஒரு மருத்துவரிடம் வரிவரியாகக் காட்டித் திருத்தி வாங்கினார். நான் என்ன செய்தேன்? 'திருக்கை மீன் நச்சு முதலுதவி' என்று தலைப்புக் கொடுத்தேன். அதே சொற்களை முப்பது இடத்தில் திணிக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் எத்தனை பேர் படித்தார்கள் தெரியுமா? ஒன்பது பேர்! அதில் ஆறு பேர் நானேதான்! சிரியுங்கள், சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

அக்கா என்னோடு சண்டை போடவில்லை. மறுநாள் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்ததும், படகிலிருந்து இறங்கியவர்களிடம் போனை நீட்டினார். "உனக்கு முள்ளு குத்திடுச்சின்னு வெச்சிக்க. இதுல என்னான்னு தேடுவ? பேசு." ஒருவர் பேசினார், இருவர் பேசினார், இருபது பேர் பேசினார்கள். எல்லாரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்னார்கள்: "திருக்க முள்ளு குத்திடுச்சி, என்னா பண்றது?"

அதுவே தலைப்பானது. முதல் வரியிலேயே விடை: பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர், அதில் காயம் முழுக முழுக வையுங்கள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். திணித்த சொற்களையெல்லாம் அக்கா களைந்தார். கடைசியில் தன் போன் நம்பரையும் போட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். கேட்கவில்லை. நல்லவேளை, கேட்கவில்லை!

ஐந்தாறு வாரம் கழித்து, வகுப்பு நடுவே அக்காவின் போன் அடித்தது. தவளக்குப்பம் பக்கமிருந்து பார்வதி என்றொரு பெண், முன்பின் தெரியாதவர்.

"அக்கா, நீங்க எழுதனதப் பாத்துத்தான் அவரு கால வெந்நீர்ல வெச்சிருக்கேன். தண்ணி ஆறிப்போச்சி. வேற ஊத்தட்டா?"

"மாத்தும்மா. உங்கையி பொறுக்குதான்னு தொட்டுப் பாத்துட்டு ஊத்து. ஆட்டோவுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்கா. பயமா இருக்குதுங்கா."

"நான் போன வெக்க மாட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குள்ள போற வரைக்கும் பேசினே இரு."

ஆட்டோ வந்தது, கிளம்பியது, மருத்துவமனை வாசலில் நின்றது. அதுவரை அக்கா போனை வைக்கவில்லை. வைத்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், தண்ணி ஆறுனா மாத்தணும்னு நான் எழுதவே இல்ல. இப்ப எழுதிடறேன்." அங்கேயே, அப்போதே எழுதினார்!

என் கண்மணிகளே! தேடுபொறி என்பது வெறும் இயந்திரமா? ஒவ்வொரு தேடலுக்கும் அந்தப் பக்கம் ஒரு மனிதர் இல்லையா? அவர் வலிக்கு எழுதுங்கள்! அவர் வாய்மொழியில் எழுதுங்கள்! அவர் தேடி வரும் முன்பே விடையோடு காத்திருங்கள்!

பார்வதியின் கணவர் கன்னியப்பன் கொஞ்சம் எழுந்து நிற்க முடியுமா? பாருங்கள், இரண்டு காலிலும் ஊன்றி நிற்கிறார்! உங்கள் கைதட்டலை அவருக்குக் கொடுங்கள். அக்காவுக்கு இன்னும் பலமாகக் கொடுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.