திரட்டியின் உச்சியில்

துணிக்கடைக்காரன் சொல்கிறேன், முத்திருளன் சார்: சரக்கு எம்புட்டு நல்லதாக இருந்தாலும், வாசலில் தொங்கவிடாவிட்டால் ஆள் ஏறாது. இரண்டாயிரத்து ஆறில் நான் வலைப்பதிவு தொடங்கியபோதும் அதே கதைதான். எழுதியதைத் திரட்டியில் சேர்க்க வேண்டும். எல்லார் பதிவையும் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும் தளம் அது. மறுமொழி விழ விழ நம் பதிவு உச்சிக்கு ஏறும். 'நகைச்சுவை' என்ற பிரிவில் பதிந்தேன். போணியே ஆகவில்லை. வேறு பேரில் நானே வந்து மறுமொழியில் சிரித்துவிட்டுப் போனேன்.

அந்த வைகுண்ட ஏகாதசிக்கு என் மனைவி ரம்யாஸ்ரீ சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் விரதமிருந்தாள். வலிப்பு மாத்திரையையும் விழுங்கவில்லை. சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. மனசு தாளாமல் எழுதி, 'அனுபவம்' என்ற பிரிவில் போட்டேன். கூட்டமான கூட்டம். "சாய் அண்ணே, அண்ணிக்கு இப்ப தேவலையா?" என்று துபாயிலிருந்து ஒருவன் கேட்டான்.

வந்த மறுமொழி எல்லாவற்றையும் எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் அவளுக்குச் சொல்வேன். "நான் விழுந்தாத்தான் உங்க கடையில யாவாரமா?" என்று சிரித்தாள்.

அவள் தேறினாள். தேறியதையும் எழுதினேன், சீந்த ஆளில்லை.

தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். சத்து மாத்திரையும் அதே வெள்ளை நிறம். எல்லா நாளும் மாற்றிக் கொடுக்கவில்லை சார், பதிவுக்குக் கூட்டம் குறைந்த வாரங்களில் மட்டும். ஒவ்வொரு தடவையும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதது நிஜம். பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. பசுமலை டாக்டர் ஒருவர், "அவங்க சாப்பிடுற மாத்திரையைக் கொண்டாந்து காட்டுங்க" என்று மறுமொழி எழுதினார். அதை மட்டும் வெளியிடவில்லை. அவர்தானே ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தது?

அன்று அடுப்படியில் அவள் விழுந்த சத்தம் கேட்டது. எழுதி முடித்த பதிவைத் திரட்டியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். இணைப்பு மெதுவு. சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எழுந்தேன். குப்புறக் கிடந்தாள். புரட்டினால், மூச்சில்லை.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடியில் கிடக்கும் அவள் சேலையை எடுத்து மடிக்கக் கை வரவில்லை.

மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் தெருவில் ஒரு பொம்பளை செத்தால் நாலு வீடு அழும், சார். இவளுக்குச் சிங்கப்பூர் அழுதது, டொராண்டோ அழுதது. எந்தப் புருஷன் பொண்டாட்டிக்கு இம்புட்டுச் செய்திருக்கிறான்?