பத்து மணிக்கு நின்ற வெப்சைட்

இந்தக் காலத்து ஆட்கள் பக்கத்து வீட்டில் சீனி கேட்கவும் போனைத்தான் தட்டுகிறார்கள். கதவைத் தட்டினால் கை தேய்ந்துவிடுமோ தெரியவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தார் நீங்களும் அப்படித்தான். நேரில் கேட்டிருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பேன். எழுதித் தரச் சொன்னீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழையைத் திருத்தி வாசியுங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பத்தொன்பது வருடமாக எங்கள் ஜனாஸா சங்கத்துக்கு நான்தான் தலைவர். ஊரில் யார் மௌத்தானாலும் எனக்குத்தான் முதலில் சொல்வார்கள். மௌத்தானவரைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி அனுப்புவது, கபுறுக்குழி வெட்ட ஆள் பிடிப்பது, குளிப்பாட்ட ஆள் சொல்வது, எல்லாம் என் வாய்ச்சொல்லில் நடந்தது. பிறகு போன் கடை ரஸீன் ஒரு வெப்சைட் செய்தான். மௌத்துச் செய்தியை அதில் எழுதினால் எல்லாருக்கும் தானாகவே தகவல் போகுமாம். தலைவர் தெரிவையும் அதிலேயே வைத்தான், தானும் போட்டிக்கு நின்றுகொண்டு.

தெரிவு நாள் ஞாயிறு. விடியற்காலை ஸுபஹிலிருந்து அந்தி மஃரிப் வரை வாக்குப் போடலாம். கிழவர்கள் ஸுபஹ் தொழுத கையோடு எனக்குப் போட்டுவிட்டார்கள். இளசுகள் ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் லுஹருக்குத்தான் எழும்பும். காலையிலேயே எனக்கு நாற்பத்து மூன்று, ரஸீனுக்குப் பதினெட்டு. அழகான எண்ணிக்கை. இதற்கு மேல் அது என்னத்துக்கு ஓட வேண்டும்.

தளத்தின் கடவுச்சொல் தலைவர் என்ற முறையில் என் சட்டைப் பையில் இருந்தது. பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் திலக்ஷன் என்ற பிள்ளை இந்த வெப்சைட் வேலை செய்கிறான். தெரிவு முடிந்துவிட்டது என்று அவனிடம் பொய் சொன்னேன். இனி யாரும் எதையும் மாற்றாதபடி செய்ய முடியுமா என்று கேட்டேன். தளம் இப்போது ஒவ்வொருவர் கேட்கும்போதும் பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக் கொடுக்கிறதாம். அதை நிறுத்தி, இந்த நிமிடம் இருக்கிறபடியே எல்லாப் பக்கத்தையும் கொப்பி எடுத்து, கொப்பியை மட்டும் வைத்துவிடலாமாம். பார்வைக்கு அதே தளம். உள்ளே ஒன்றும் பதியாது.

"பட்டன அமத்துனா ஒண்ணும் நடக்காதுங்க ஐயா. சும்மா நிக்கும்."

அது மரியாதையில்லை என்றேன். வந்தவருக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும். அப்படியானால் நன்றி சொல்லும் பக்கத்தையும் கொப்பி எடுத்துப் பட்டனோடு கட்டிவிடலாம் என்றான். கெட்டிக்காரப் பிள்ளை.

"மரண அறிவித்தல் பட்டனுக்கும் அப்படியேவாங்க?"

"எல்லாத்துக்கும் போடுங்க தம்பி."

ஒன்றை மட்டும் விடச் சொன்னால் ஏன் என்று கேட்பான். பத்து மணிக்கு வேலை முடிந்தது.

தெரிவு மிக ஒழுங்காக நடந்தது. போட்டவர்களுக்கெல்லாம் நன்றி கிடைத்தது. எண்ணிக்கை ஏறவில்லை என்று ரஸீன் தன் பொடியன்மாரைச் சோம்பேறிகள் என்று ஏசினானாம். போட்டோம் என்று அவர்கள் சத்தியம் செய்தார்களாம். அவன் நம்பவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் ஒழுங்கையில் இருக்கும் ஹபீலா எனக்குப் போன் எடுத்தாள். காலையில் அவளைக் கட்டிய மாப்பிள்ளை மௌத்து. பத்தரைக்கே வெப்சைட்டில் எழுதிவிட்டார்கள். பின்னேரம் அஸரோடு அடக்க வேண்டும் என்றாள்.

"ஒரு மணித்தியாலத்துல வாறதா அதுல எழுதி ஈக்கி நானா. சந்தூக்கும் வரல்ல, ஒத்தரும் வரல்ல. நாங்க பிழையாப் பதிஞ்சிட்டோமா?"

தெரிவு மூட இன்னும் ஆறு மணித்தியாலம் இருந்தது. ஒன்றும் பதியவில்லை என்று ஒருத்திக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

"பதிஞ்சா வருவாங்க. பொறுமையா இரிங்க" என்றேன்.

பொறுமையாக இருந்தாள். பள்ளியில் போய்க் கேட்டவர்களுக்கும், தளத்தில் பதிந்தால் போதும் என்றே பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்னது நீங்கள்தான். வீடு நிறைய ஆட்கள் அந்த நன்றிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களாம். அஸர் போயிற்று. ஹபீலா இரண்டாம் தடவை எடுத்தபோது நான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவையும் ஒளுதான்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. நாற்பத்து மூன்றுக்குப் பதினெட்டு. உடனே நான் போனை எடுத்து நாலு பேருக்குச் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் சந்தூக்கு, தண்ணீர், மண்வெட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. தலைமாட்டுப் பக்கத்தை நானே தோளில் சுமந்தேன். ரஸீனின் தளம் ஒரு பகல் முழுக்கச் செய்யாததை என் வாய் செய்தது. இதை உங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

இருநூறு பேர் வாக்குப் போட்டோம் என்று பள்ளி வாசலில் சத்தியம் செய்த பிறகுதான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது. ஹபீலா மாப்பிள்ளைக்காக இத்தா இருந்து வெளியே வராததால், மகன் நஸீபிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பொறுக்கச் சொன்னபோது எனக்கு விஷயம் தெரியுமா என்று. தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் மாப்பிள்ளையின் மையத்தைப் பகல் முழுக்க அடக்கவிடாமல் வீட்டில் வைத்தது நான்தான்.

கீழே மன்னிப்புக்கு என்று இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். அதில் நான் எழுத ஒன்றும் இல்லை. நான் ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை, ஓடிய ஒன்றை நிறுத்தினேன், அவ்வளவுதான். கையெழுத்து வைத்துவிட்டேன். பேனையை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். கபுறுகள் இருக்கும் மையவாடி ஓரமாகப் போனால் வீட்டுக்குக் கிட்ட. இப்போது நான் பாலத்தைச் சுற்றித்தான் போகிறேன். அந்தப் பக்கம் வெயில் குறைவு.